புரட்டாசியில் பட்டினி கிடந்த இரண்டு பிஷிர்கள்

1. கேனில் வந்தவை

அந்த இரண்டையும் முதலில் பார்த்தபோது மீன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாண் நீளம், சாம்பல் நிறம், ஓணான் தலை, பாம்பு உடம்பு. முதுகில் ஒரே துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் குட்டித் துடுப்புகள். எண்ணினேன். ஒன்றுக்கு ஒன்பது, மற்றதற்குப் பத்து.

எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்கால் கடைத்தெருவில் எனக்குக் கண்ணாடிக்கடை. படங்களுக்குச் சட்டம் போடுவதும் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுப்பதும்தான் பிழைப்பு. எழுபதுகளில் ஊருக்குள் மீன்தொட்டி ஆசை வந்தபோது இரும்பு ஆங்கிள் பிரேம் அடித்து, புட்டிப் பசையால் கண்ணாடி ஒட்டித் தொட்டி செய்ய ஆரம்பித்தேன். தொட்டி செய்தவனிடமே மீனும் கேட்டார்கள், மெட்ராஸிலிருந்து வரவழைத்தேன். மீன் செத்தால் விற்றவனையே கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்க்கும் வேலை இப்படித்தான் என் தலையில் விழுந்தது.

கோவில்பத்தில் தனபால் என்பவர் வீட்டு நாலடித் தொட்டி நான் செய்தது. அவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி வசந்தா பள்ளி ஆசிரியை. தொட்டி வீட்டுக்குப் பொதுவென்றாலும் அதிலிருந்த ஆறு முத்துக் கௌரமி மீன்களும் வசந்தா டீச்சருடையவை. நகத்தளவுக் குஞ்சுகளாக வாங்கி, பெயர் வைத்து வளர்த்தார். கடைக்குட்டியின் பெயர் சிட்டு.

தனபாலின் அண்ணன் ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில் மெக்கானிக். ஆடி மாதம் விடுமுறைக்கு வந்தவர் ஒரு பிளாஸ்டிக் கேனில் அந்த விநோதங்களைக் கொண்டுவந்திருந்தார். விமானத்தில் எப்படி விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் அதற்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டியிருக்கும்.

"இதுக்குப் பேரு பிஷிர், சார்," என்றார் அண்ணன். "நம்ம விரால் மாதிரி மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டுப் போகும். அதனாலதான் கேன்ல தாக்குப்பிடிச்சு வந்துச்சு."

"விரால் மாதிரின்னா கொழம்பு வைக்கலாமா மாமா?" என்றார் டீச்சர்.

"முதல்ல உன் கௌரமியை வறும்மா. அப்புறம் இதைக் கொழம்பு வைக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அண்ணன் செனகல் திரும்பி, தை மாதம் ஒரேயடியாக ஊருக்கு வரும்வரை மீன்கள் இங்கேதான் இருக்க வேண்டுமாம். அப்பா இல்லாத தனபாலைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அந்த அண்ணன். தம்பியால் மறுக்க முடியாது. வீட்டில் இருப்பதோ ஒரே தொட்டி.

அண்ணன் உள்ளே போனதும் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"சார், என் ஆறும் ஆறா இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்த ரெண்டு முதலையையும் வாளியில அள்ளி அரசலாத்துல கொட்டிடுவேன். மாமாகிட்ட நானே பதில் சொல்லிக்கிறேன்."

தனபால் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

2. யாரோடு யார்

பிஷிர் பார்க்கத்தான் பயங்கரம். யாரையும் துரத்தாது, சண்டைக்கும் போகாது. கண் பார்வை மட்டம். மோப்பம் பிடித்துத்தான் தின்னும். ஆனால் வாயில் நுழைவது எதுவும் அதற்கு இரை. நுழையாததை ஒரு கல்லைப் போலப் பாவித்துச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஆகவே முதலில் தொட்டியிலிருந்த கப்பி மீன் குஞ்சுகளை எல்லாம் வடித்துத் தனி ஜாடியில் விட்டேன். இரண்டு டைகர் பார்ப் மீன்களும் இருந்தன. அவற்றுக்கு அடுத்தவன் துடுப்பைக் கடிக்கிற புத்தி. பிஷிர் தன் முன்துடுப்புகளைக் கை மாதிரி ஊன்றித்தான் தரையில் உட்காரும். அதைக் கடிக்க விடலாமா? இரண்டையும் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

கௌரமி இதற்கு ஏற்ற ஜோடி. சாது. உடம்பு தட்டையாக, அகலமாக இருப்பதால் சுலபமாக வாய்க்குள் போகாது. அது மேல்தண்ணீரில் திரியும், பிஷிர் அடித்தரையில் கிடக்கும். இருவருமே மேலே வந்து காற்று குடிப்பவர்கள் என்பதால் கரண்ட் போய்க் காற்றூட்டும் ஏரேட்டர் நின்றாலும் பதறத் தேவையில்லை. நான் பதறினேன் என்பது வேறு விஷயம்.

கண்ணாடிக்கு வெளியே ஸ்கேலை வைத்து ஆறையும் அளந்தேன். ஐந்து தேறின. சிட்டு மட்டும் சிறிது.

"டீச்சர், இது வளர்ற வரைக்கும் கப்பியோட ஜாடியில இருக்கட்டுமே."

"ஜாடியிலயா? திரும்பக்கூட இடம் இருக்காது சார். ஒண்ணா வளர்ந்ததுங்க, பிரிக்க மாட்டேன்."

"அப்ப ஒரே வழிதான். கீழே கிடக்கிறதுங்க வயிறு தினமும் நிறையணும். ஒரு நாள் விட்டாலும் நான் பொறுப்பில்ல."

மண்டபத்தூரிலிருந்து மீன்கூடை சுமந்து வரும் அம்மாளிடம் தினமும் கொஞ்சம் இறால் வாங்குவது என்று ஏற்பாடாயிற்று. பொழுது சாய்ந்து தொட்டி விளக்கை அணைத்ததும், தோல் உரித்த இறாலைத் துண்டாக்கி மூங்கில் குச்சியில் செருகி, பிஷிரின் மூக்கருகே கொண்டுபோக வேண்டும். மேலே தூவினால் கௌரமிகள் தின்றுவிடும். தண்ணீரை விளிம்பிலிருந்து நாலு விரற்கடை குறைத்தேன், காற்று குடிக்க இடம் வேண்டுமே. விரால் போலவே இதுவும் ஏறிக் குதிக்கும் என்பதால் வலை மூடியின் மேல் இரண்டு செங்கல் வைத்தேன்.

ஞாயிறுதோறும் போய் எண்ணினேன். எட்டு. மறுபடியும் எட்டு. ஒருநாள் சிட்டு, பெரிய பிஷிரின் முதுகை உரசிக்கொண்டு மிதந்தது. நான் மூடியில் கை வைத்துவிட்டேன். பிஷிர் அசையவே இல்லை.

"பார்த்தீங்களா சார்," என்றார் தனபால். "எங்க ஆபீஸ் சூப்பரின்டெண்ட் பக்கத்துல நான் இப்படி நிக்க முடியுமா?"

3. ஆறாவதைக் காணோம்

ஆயுதபூஜைக்குப் படச்சட்ட வேலை குவிந்ததில் மூன்று ஞாயிறாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தனபால் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

"சார், முத்துக் கௌரமி ஒண்ணு குடுங்க. சின்னதா. சீக்கிரம்."

"என்னாச்சு?"

"சிட்டுவைக் காணோம். இன்னிக்கு அரை நாள் ஸ்கூல். அவ வர்றதுக்குள்ள போட்டுடணும்."

"கடையில இருப்பு இல்லீங்க. இருந்தாலும் நடக்காது. நாப்பது பிள்ளைங்கள்ல யார் வரலைன்னு வாசப்படியிலயே கண்டுபிடிக்கிறவங்க. ஆறு மீன்ல ஆள் மாத்தினா விடுவாங்களா?"

கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரோடு போனேன். செங்கல்லும் வலையும் வைத்தபடியே இருந்தன. சிட்டு வெளியே குதிக்கவில்லை. மேல்தண்ணீரில் ஊறிய பொரி மிதந்தது. கீழே பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய பிஷிரின் வயிறு புடைத்திருந்தது. சின்னதன் வயிறு ஒட்டி, முதுகெலும்பு தெரிந்தது.

"இறால் போடுறீங்களா இல்லையா?"

தனபால் தலையைச் சொறிந்தார். "புரட்டாசி சார். வீட்டுக்குள்ள கவுச்சி வராது. கூடைக்காரம்மாவை ஐப்பசிக்கு வாங்கன்னு சொல்லியாச்சு. பொரியும் பொட்டுக்கடலை மாவும்தான் போடுறோம். கௌரமியெல்லாம் நல்லாத்தான் தின்னுது."

"அது தின்னும். இதுங்களுக்கும் சேர்த்தா விரதம் எடுத்தீங்க?"

"எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு..."

வாசலில் செருப்புச் சத்தம். டீச்சர். நாங்கள் நின்ற நிலையைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. பையைக்கூட இறக்கவில்லை. தொட்டியருகே வந்து நின்றார். உதடு மட்டும் அசைய எண்ணினார்.

"சிட்டு எங்கங்க?"

தனபால் பெரிய பிஷிரின் வயிற்றைப் பார்த்தார். டீச்சர் கொல்லைப்பக்கம் போனார். வாளி உருளும் சத்தம் கேட்டது.

"வசந்தா, அண்ணன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார் தனபால்.

"என் மீனைத் தின்னுச்சு, ஆத்துல விட்டேன்னு சொல்லுங்க. மூடியைத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. என் வாய் என்னை அறியாமல் பேசிவிட்டது. "டீச்சர், கொட்டுறதுன்னா கொட்டுங்க. அதுக்கு முன்னாடி சின்னதோட வயித்தை ஒரு தடவை பாருங்க."

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"மாசம் பொறந்ததுலேருந்து," என்றார் தனபால் மெல்ல.

"பொரியைத் தொடவே இல்லையா?"

"தொடாது டீச்சர்," என்றேன். "அதுக்குத் தெரிஞ்ச தீனி இது இல்ல."

"அவருதான் ஒண்ணும் சொல்லல. இறாலை நிறுத்தினது நான்தானே, எனக்காவது தோணிச்சா?" வாளியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் முறைத்தார். "வேண்டிக்கிட்டது நான். இதுங்க என்ன வேண்டிக்கிச்சு?"

4. வாழைக்கடியில்

இருந்தாலும் இறால் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்தார். மண்புழு போடலாம் என்றேன்.

"அது அசைவமில்லையா?" என்றார் தனபால்.

"கடையில வாங்குறதா? இல்ல. அடுப்புல ஏறுதா? இல்ல," என்றார் டீச்சர். "நம்ம வாழைக்கடியில கிடக்குது. அது அசைவம்னா வாழைக்காயும் அசைவந்தான். நாளைக்குப் பொரியல் கேக்காதீங்க."

"கொல்றது பாவமில்லையா?"

"தின்னுறது அது. அது பாடு."

மாலையில் அவரே மண்வெட்டி எடுத்தார். கிளறிய மண்ணிலிருந்து புழுக்களைப் பொறுக்கி, கழுவி, தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தார். விளக்கை அணைத்தோம். சின்ன பிஷிர் மூக்கைத் தூக்கியது. கைபோலத் துடுப்பை ஊன்றி முன்னே வந்து கவ்வியது. மூன்று தின்றது.

"மெதுவாத் தின்னு, யாரும் பிடுங்க மாட்டாங்க," என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து தினமும் புழு. ஐப்பசி பிறந்ததும் கூடைக்கார அம்மாள் திரும்ப வந்தார். நான் ஞாயிறுதோறும் எண்ணினேன். கௌரமி ஐந்து, பிஷிர் இரண்டு. அதற்குப் பிறகு அந்தக் கணக்கு குறையவே இல்லை.

தையில் அண்ணன் ஊருக்கே வந்துவிட்டார். சிட்டுவின் கதையை டீச்சரே சொன்னார். அண்ணன் குனிந்து மிச்சமிருந்த ஐந்தையும் எண்ணினார். பிறகு, தாம் குடிபோன புது வீட்டுக்குத் தனியாக ஒரு தொட்டி செய்யும்படி என்னிடம் சொன்னார். "என்னால உனக்கு ஏம்மா தொல்லை? ரெண்டையும் நான் கொண்டுபோயிடறேன்."

"எதை மாமா கொண்டுபோறீங்க?" என்றார் டீச்சர். "மழையில நின்னு புழு நோண்டினது யாரு? நீங்க வேணும்னா தினமும் வந்து பார்த்துட்டுப் போங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். புதுத் தொட்டிக்கு வேறு மீன் வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் இந்த மீன் சென்னையிலிருந்து சாதாரணமாக வருகிறது. வாங்க வரும் இளைஞர்கள் தொட்டி எத்தனை அடி, கூட எதை விடலாம் என்று கேட்கிறார்கள். நாலடிக்குக் குறையாதீர்கள், வாயில் நுழையாத, துடுப்பைக் கடிக்காத சாதுவாகப் பாருங்கள், மூடியை அழுத்தி வையுங்கள். இது எந்தக் கடையிலும் சொல்வார்கள். நான் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

"தம்பி, உங்க வீட்டுல எந்தெந்த மாசம் கவுச்சி கிடையாது?"

சிரிக்கிறார்கள். பதில் சொன்ன பிறகுதான் மீனை வலையில் பிடிக்கிறேன்.