வாப்பா தைத்த பாய்

தாராவியில் பை தைக்கிற வீட்டுப் பெண்களுக்குக் கடலில் என்ன வேலை என்று எங்கள் சந்தில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பள்ளிக்கு வந்த ஒரு தொண்டு அமைப்பு, கொலாபா பக்கம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத் தருகிறோம், மதியச் சாப்பாடும் உண்டு என்றது. சாப்பாடு என்றதும் உம்மா சரி என்றாள். லாத்தா பெயர் கொடுத்தாள். வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக அனுப்ப முடியுமா? அக்காவுக்குக் காவலாகத் தங்கை நான் அனுப்பப்பட்டேன். காவல் வேலை போகப் போகப் படகில் கயிறு பிடிக்கிற வேலையாக மாறிப்போனது.

அது இருவர் ஓட்டுகிற படகு. பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருப்பவர் சின்னப் பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு சாயும்போதெல்லாம் உடம்பை வெளியே தள்ளி எடை கொடுக்க வேண்டும். முதல் சில மாதம் நான் உப்புத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். படகு திரும்பும்போது பாயைத் தாங்குகிற கட்டை தலைக்கு மேலே வீசும். குனி என்றால் நிமிர்வேன், மண்டை வீங்கும். லாத்தா திட்டுவதில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டாள். ஆனாலும் இரண்டு வருடத்தில் அவள் மூச்சு விடுகிற விதத்திலேயே திரும்பப் போகிறாள் என்று கண்டுகொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

லாத்தாவுக்கோ அது தானாக வந்தது. கடல் வற்றி இறங்குகிற நேரத்தில் நடுவே போனால் நீரோட்டம் பின்னுக்கு இழுக்கும், கரையை ஒட்டிப் போக வேண்டும். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரின் காற்றை மறித்துக்கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் படகு கற்றுத்தந்த சார் கரும்பலகையில் படம் போட்டு விளக்கும்போது அவள் தூங்கி வழிவாள். தண்ணீரில் இறங்கினால் அவளை யாராலும் முந்த முடியாது. சயான் ஸ்டேஷனில் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறி இடம் பிடிக்கப் பழகியவளுக்கு இது பெரிய காரியமில்லை என்று உம்மா சொல்வாள்.

லாத்தா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது ஒரு தேர்வுப் போட்டி வந்தது. முதலாவதாக வரும் படகை ஓட்டுகிறவருக்குக் கோவாவில் பயிற்சி, விடுதி, மேற்படிப்பு. அதே சமயம் கடையநல்லூரிலிருந்து மாமா, தன் மகனுக்கு லாத்தாவைக் கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். வாப்பா யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். லாத்தா கேட்டபோது, "ஜெயிச்சா நீ கோவாவுக்குப் போ புள்ள. இல்லன்னா மாமா வீட்டுக் காரியத்தப் பாப்போம்" என்றார். லாத்தா அன்று ராத்திரி சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

எங்கள் படகின் பெரிய பாய் பழசு. தேய்ந்த பனியன் கழுத்து மாதிரி தொய்ந்து கிடந்தது. சார் புதுப் பாய்த்துணி வாங்கித் தந்தார். தைப்பதற்கு வாப்பாவை விட யார் இருக்கிறார்கள்? பழைய பாயைப் பிரித்துப்போட்டு அளவெடுத்தார். பட்டையான துண்டுகளைச் சேர்த்துத்தான் பாய் தைப்பது. அந்தத் தையலை நேராகப் போடக் கூடாது, லேசாக வளைத்துப் போட வேண்டும், அப்போதுதான் பாய்க்கு வயிறு வரும், காற்று நிற்கும் என்று அவரே கண்டுபிடித்தார். தைத்து முடித்துப் பை தைக்கிற தன் பட்டறையின் பரணிலிருந்து தொங்கவிட்டு மேஜை விசிறியைப் போட்டார். பாய் பூரி மாதிரி உப்பியது. லாத்தா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் மாமா நேரில் வந்துவிட்டார். அல்வாப் பொட்டலத்தை வைத்துவிட்டு, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு ஆரம்பித்தார். "பொம்பளப் புள்ளய அரை டவுசரோட கடல்ல விட்டுட்டு, ஊர்ல எந்த மொகத்தோட மச்சான் நிப்பீரு?" வாப்பா எச்சில் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். மறுநாள் காலையில் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். சின்ன வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். போட்டியன்றுதான் பாய் எங்கள் கைக்கு வந்தது.

அன்று காற்று இருந்தும் இல்லாததுபோல் வீசியது. சங்கு ஊதியபோது எங்கள் படகுதான் தொடக்கக் கோட்டைத் தாண்டி முதலில் புறப்பட்டது. சந்தோஷத்தில் நான் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு படகு எங்களைத் தாண்டியது. பிறகு இன்னொன்று. பாயில் வயிறே இல்லை. கொடியில் காயப்போட்ட போர்வையாகத் தொங்கியது. லாத்தா கயிற்றை இறுக்கினாள், தளர்த்தினாள், என்னை நடுவில் வந்து உட்காரச் சொன்னாள், கரையோரமாகப் போய்ப் பார்த்தாள். எதற்கும் படகு அசைந்து கொடுக்கவில்லை.

"காத்து வரும்ட்டி. இரு."

மற்ற படகுகளுக்கெல்லாம் காற்று வந்துகொண்டுதான் இருந்தது.

திரும்பும்போது சூரியன் பாய்க்குப் பின்னால் போனது. நான் அண்ணாந்து பார்த்தேன். துண்டுகள் சேருகிற இடத்தில் தையல் நேர்கோடாக ஓடியது. அதன் பக்கத்திலேயே, மெல்ல வளைந்து விலகிப் போகிற இன்னொரு வரிசையில், பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. எல்லாத் தையலிலும் அப்படித்தான். எனக்கு அது அழகாக இருந்தது.

"லாத்தா, மேல பாரேன்."

அவள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பையோ பாயோ, ஊசி போன துளை மூடாது. பிரித்துத் தைத்தால் பழைய துளை காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எங்கள் பட்டறையில் ஒரு முறை போட்ட தையலைப் பிரிக்க விட மாட்டார்கள். லாத்தா சின்ன வயசிலிருந்தே பட்டறையில் நூல் வெட்டியவள். நான் கடைக்குட்டி, என்னைத் தையல் வேலைப் பக்கம் விட்டதில்லை; இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"கயித்தப் புடி," என்றாள். அதற்குப் பிறகும் ஒரு திருப்பத்தைக்கூட அவள் தவறவிடவில்லை. கடைசி மிதவை வரை ஒழுங்காக ஓட்டினாள். நாங்கள் கரைக்கு வந்தபோது மற்றவர்கள் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வாப்பா தடுப்புச் சுவர் ஓரமாக நின்றிருந்தார். எப்போதிருந்து நின்றார் என்று தெரியாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாயை மடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் லாத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பாயைத்தான் பார்த்தார்.

"தையல் எங்கயும் விட்டுச்சா?"

"இல்ல வாப்பா. நல்லாத்தான் தச்சிருக்கிய."

லாத்தாவின் குரல் அமைதியாக இருந்தது. வாப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இருவரும் சும்மா நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. தோற்ற வருத்தம்தான் என்று நினைத்தேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி வாப்பாவைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"வாப்பா, ஒங்க பாய் எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா? தையலுக்குப் பக்கத்துல, வளைஞ்சு வளைஞ்சு, சின்னச் சின்ன ஓட்டையா வெளிச்சம் வந்துச்சு. லாத்தாவும் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா."

லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. வாப்பா என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று, நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.