வேர் முடிச்சுக்குள்ளே

கதிர்காமத்தில் தினமும் என்னோடு பஸ் ஏறுவார் அந்தப் பேராசிரியர். செடிகளோடு கூடி வாழும் நுண்ணுயிரிகளை ஆராய்ந்தவர். துறைத்தலைவரான பிறகு கூட்டங்களுக்குத்தான் நேரம் சரியாக இருக்கிறது என்று புலம்புவார். யாராவது மல்லாட்டைச் செடிக்கட்டோடு, அதாவது வேர்க்கடலைச் செடிக்கட்டோடு, ஏறிவிட்டால் போதும், ஒன்றைக் கேட்டு வாங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளி, நுண்ணுயிரி உள்ளே வேலை செய்வதைக் காட்டும் சிவப்பைப் பார்த்துச் சிரிப்பார்.

“அந்தப் பொறுப்ப விட்டுட்டு ஆராய்ச்சிக்கே போயிடுங்களேன் சார்,” என்றேன் ஒருநாள், எரிச்சலோடு.

கிள்ளிய முடிச்சைக் காட்டினார். “உள்ள வந்த பாக்டீரியாவுக்குச் செடி சோறு போடுதுங்க. இதுவும் தின்னு தின்னு உப்பிப்போச்சு. இனிமே மண்ணுல விட்டாலும் பொழைக்காது.”

ஓய்வுபெற்ற மறுநாள் காலையும் அதே பையோடு நிறுத்தத்தில் நின்றிருந்தார். பஸ் வந்தது. ஏறிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் ஏறவும் இல்லை, வீட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை.