உள்ளங்கைச் சீனி

கண்ணில் சொட்டு மருந்து விட்டால் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். ரத்தினம்மா அக்கா மட்டும் சிரிப்பார். கண் கூசத் தொடங்கியதும் கதிரையை யன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்டி வாவியைப் பார்த்தபடி இருப்பார். "தண்ணியும் வானமும் ஒன்னாப் போச்சு தம்பி. மரமெல்லாம் மெதக்குது," என்பார். அவர் சொல்லக் கேட்டால் எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தெரியும்.

நீரிழிவு கண்ணின் இரத்தக் குழாய்களை எப்படிக் கெடுக்கிறது என்று, ஒரே ஆட்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கும் ஆராய்ச்சி எங்களுடையது. கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிப்பது என் வேலை. அக்கா ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது கண்டியில் ஒரு விடுதியில் சமையல். மகள் யசோதினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வருடங்கள் ஓடிவிட்டன. "அவ வர்ற வரைக்கும் கண்ணு இருந்தாப் போதும்," என்பார் அக்கா.

திரையில் அவருடைய விழித்திரை செம்மஞ்சள் நிலாவாக விரியும். அதில் ஓடும் குழாய்களைக் காட்டினால், "நம்ம தோட்டத்து ஆறு மாதிரியில்ல இருக்கு!" என்று வியப்பார். ஒருமுறை அந்த நிலாவில் இரத்தப் புள்ளிகள் தெரிந்தன. அடுத்த முறை இன்னும் கூடியிருந்தன.

டொக்டர் பிரியாந்தினி யாழ்ப்பாணத்துக்காரி. "மருந்து கூட்டியும் ரத்தத்தில சீனி இறங்கேல்லையே அம்மா. தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ?"

"சத்தியமா இல்ல டொக்டரம்மா. போடவே மாட்டேன்."

அன்று அக்கா வெறும் வயிற்றில் சோதனைக்கு இரத்தம் கொடுத்துக் களைத்திருந்தார். நான் பாலும் சீனியும் இல்லாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கையால் கோப்பையை வாங்கிக்கொண்டு மறு கையை விரித்து நீட்டினார்.

"கொஞ்சம் சீனி வைங்க தம்பி."

தோட்டத்தில் அப்படித்தான். உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டே வெறும் தேயிலைச் சாயத்தைக் குடிப்பார்கள். டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு முதலில் அக்கா மேல் கோபம் வந்தது. இத்தனை காலமும் அதைக் கேட்கத் தெரியாத எங்கள் மேல்தான் பிறகு அதிகம் வந்தது.

"அதுவும் வயித்துக்குள்ளதானே அம்மா போகுது!" என்றார் டொக்டர்.

அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "அப்ப எம் புள்ள முகத்தப் பாக்க மாட்டனா?"

"லேசர் செய்வம். போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்பம்."

லேசர் செய்தார்கள். அக்கா சீனியை விட்டார். கசப்புச் சாயத்தைத் திட்டிக்கொண்டே குடித்தார்.

அக்கா பரிசோதனைக்கு வந்த ஒரு நாள், யசோதினி விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். நான் சொட்டு மருந்தோடு நின்றேன்.

"பொறுங்க தம்பி. மொதல்ல புள்ளயப் பாத்துக்கிறேன்."

மகளின் முகத்தை ஏந்திக் கண்ணிமைக்காமல் பார்த்தார். நெற்றியைத் தடவினார். கன்னத்தைத் தடவினார். பிறகு கைகளைப் பிடித்தவர், சட்டென்று அவளுடைய சட்டைக் கையை மேலே தள்ளினார்.

"இது என்னடி? வேலைக்குப் போன வீட்டுல சூடு வச்ச தழும்பா?"

யசோதினி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அக்கா விடவில்லை.

"ஒனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு சொன்னாங்களேம்மா," என்று அவள் உடைந்து அழுதாள்.