கொம்பனிக் கடிதம் வாங்க ஆள் பிடித்த கதை

கறித்தூள் வறுத்து விற்கிற பெண்ணுக்குக் கடிதம் வாங்கவும் ஒரு ஆள் வேண்டுமா என்று கேட்டவர்கள் பலர். வேண்டும். மூன்று வாரம் அடுப்பு மூட்டாமல் இருந்து நான் அதைப் படித்தேன்.

அப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தின் சமையலறையைப் பகலில் வாடகைக்கு எடுத்திருந்தேன். நானும் இன்னும் நான்கு பெண்களும் மிளகாய், மல்லி வறுத்து அரைத்துப் பைகளில் கட்டிக் கடைகளுக்குக் கொடுத்தோம். மண்டபக்காரர் தங்கள் விலாசத்தைப் பாவிக்க விடவில்லை. ஆகவே டோர்செட் பார்க்கில் எங்கள் மாடி வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன். பகலில் அங்கே யார் இருக்கிறார்கள்? இவர், என் வீட்டுக்காரர், தொழிற்சாலையில்; நான் அடுப்படியில். சுகாதாரப் பகுதியிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. தபால்காரர் கதவில் ஒட்டிய துண்டு எங்கே பறந்ததோ தெரியாது. பதில் கொடுக்கும் நாள் கடந்துவிட்டது. சமையலறையைப் பூட்டினார்கள்.

திரும்பத் திறக்க ஒரு லோயரிடம் போனோம். அங்கே வேலை செய்த எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருத்திவைத்து விளங்கப்படுத்தினாள்.

"இனியும் இப்பிடி நடந்தா ஒரேயடியாப் பூட்டிப்போடுவினம், அன்ரி. கொம்பனியாப் பதியுங்கோ. பகலிலை ஆள் நிக்கிற விலாசமாப் பாத்துக் குடுங்கோ. அங்கை கடிதம் போய்ச் சேர்ந்தா உங்கட கையிலை சேர்ந்த கணக்குத்தான். பிறகு நான் காணேல்லை எண்டு சொல்லேலாது."

அந்தக் கடைசிச் சொல் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த ஆள் மறந்தால் நான் மறந்தது. அந்த ஆள் தொலைத்தால் ஐந்து பெண்களின் பிழைப்பும் தொலைந்தது.

மூன்றாம் வாரம் லோயரின் கடிதத்தோடு சமையலறையைத் திறக்க விட்டார்கள். கொம்பனி விஷயத்தை வீட்டில் சொன்னபோது இவர் சிரித்தார்.

"கனடாவுக்கு வாறதுக்கு ஒரு ஏஜென்ற், இனிக் கடிதம் வாங்கவும் ஒரு ஏஜென்ற்றோ?"

அன்று வந்திருந்த என் அக்காவின் கணவர், எங்களுக்கெல்லாம் பெரிய அத்தான், சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உதுக்கு ஏன் பிள்ளை யோசிக்கிறாய்? என்ர விலாசத்தைப் போடு. ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை தலைமைக் கிளாக்கா இருந்தனான். என்ர மேசையிலை ஒரு கடிதம் துலைஞ்சதெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம்."

இவருக்கு அதுவே முடிந்த முடிவு. எனக்கு இன்னும் இரண்டு பேர் மனதில் இருந்தார்கள். ஒருவர் பிளாசாவில் வரிக் கணக்கும் விமான ரிக்கற்றும் பார்க்கிற கந்தோர்க்காரர். "எங்கட விலாசம் எண்டா கொம்பனிக்கே ஒரு எடுப்பு, அன்ரி" என்றார். மற்றவள் எங்கள் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் சேலைக்குச் சட்டை தைக்கிற மதுரைப் பெண்.

"சொந்தம் இருக்கேக்கை இந்தியாக்காரியிட்டையோ குடுக்கப் போறீர்?" என்றார் இவர்.

நான் வாதாடவில்லை. மிளகாய் வாங்கப் போனாலும் மூட்டையைப் பிரித்து ஒன்றை உடைத்து மணந்து பார்க்காமல் வாங்காதவள் நான். மூன்று பேரிடமும், "கொம்பனிப் பேருக்கு ஏதும் வந்தா வாங்கி வையுங்கோ, முடிவு பிறகு சொல்லுறன்" என்று சொல்லி வைத்தேன். பிறகு மூன்று கடித உறை வாங்கினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொம்பனிப் படிவத்தையும் அவர்கள் எழுதித் தந்த விலாசங்களையும் பார்த்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உறையில் இறக்கினேன். அரைநாள் போனது. உள்ளே வெறும் தாள்தான். மருந்துக்கடைக்குள் இருந்த தபால் கவுண்டரில் மூன்றையும் பதிவுத் தபாலில் போட்டேன். இவருக்கும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மதுரைக்காரி சமையலறை வாசலில் நின்றாள். அளவு நாடா கழுத்தில் தொங்கியது.

"அக்கா, ரெண்டு பஸ் மாறி ஓடியாறேன். கவர்மெண்ட் லெட்டரா இருக்குமோன்னு பயந்துட்டேன். ஆனா கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு."

"அது என்ர கையெழுத்து."

"என்னையே சோதிச்சீங்களா? கல்யாணப் பொண்ணு பிளவுஸப் பாதியில போட்டுட்டு வந்திருக்கேன்!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் எனக்குச் சட்டியில் மிளகாய் கருகியது.

பத்து நாள் பொறுத்துக் கந்தோருக்குப் போனேன். அங்கே கையெழுத்து வைத்து வாங்கியிருக்கிறார்கள் என்று தபால் கவுண்டரில் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்டும் வரேல்லையே அன்ரி. வந்தா நாங்களே கோல் பண்ணுவம்."

அவருடைய மேசையில் கலண்டர்க் கட்டின் கீழே என் கோழிக் கிளறலின் ஒரு மூலை தெரிந்தது. இழுத்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது கடிதம் முத்திரை குத்தி எனக்கே திரும்பி வந்தது. அந்த ஞாயிறு பெரிய அத்தான் வந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"பிள்ளை, நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. நீலச் சட்டை போட்ட ஒருத்தன் வந்து கதவைத் தட்டினவன். உன்ர கொம்பனிப் பேரைச் சொல்லி, கையெழுத்து வை எண்டான். அப்பிடி ஒருத்தரையும் தெரியாதெண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். நான் உன்னைக் காட்டிக்குடுப்பனோ?"

 ஊரில் இராணுவச் சட்டை போட்டவன் படலையில் நின்று பேர் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் அதுதான். எத்தனை வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பதில் காப்பாற்றியது! இங்கே அது என் அடுப்பை அணைத்திருக்கும். திரும்பி வந்த கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். முத்திரையைப் பார்த்தார். கச்சேரியில் இருந்த மனிதருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"அத்தான், என்னை ஆமி தேடி வந்தா நான் உங்கட வீட்டுக்குத்தான் ஓடி வருவன்" என்றேன். "கடிதம் தேடி வந்தா அது கீழ் வீட்டுக்குப் போகட்டும்."

அவர் முதலில் சிரித்தார். பிறகுதான் இவர் சிரித்தார்.

மதுரைக்காரியின் விலாசத்தில் கொம்பனியைப் பதிந்தேன். பனி கரைந்த காலத்தில் உண்மையான கடிதம் வந்தது. அன்றைக்கே அதைக் கொண்டுவந்து, நின்ற நிலையில் வாசித்துச் சொன்னாள். ஒன்பது நாளில் சமையலறையைப் பார்க்க வருகிறார்கள். லோயரிடம் வேலை செய்கிற பிள்ளை மறுநாளே பதில் எழுதி அனுப்பினாள். நாங்கள் சுவர், சட்டி, கதவுக் கைபிடி என்று ஒன்றையும் விடாமல் தேய்த்தோம்.

வந்த மனிதர் அடுப்புக்குப் பின்னாலும் விளக்கடித்துப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியின் குளிரை அளந்தார். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வைத்து, சரி என்று தலையாட்டி என்னிடம் தந்தார். அவருடைய கார் திரும்பும் வரைக்கும் ஐந்து பேரும் மூச்சு விடவில்லை. பிறகு நான் பெரிய அடுப்பை மூட்டி, அரை மூட்டை மிளகாயைக் கொட்டினேன். வெளியே பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்கத் தும்மியது.