மணிக்கு ஒரு பனியன்

பக்கத்து வீட்டு நாய் மணிக்கு முதுகெல்லாம் சொறி, புண்ணு. அதோட ஓனர் பனியன் கம்பெனி வெச்சிருக்கார். எப்பப் போய்ச் சொன்னாலும், "ஷிப்மெண்ட் போகட்டுங்க, பாத்துக்கலாம்"னுதான் பதில் வரும்.

பொறுத்துப் பார்த்தேன். இன்னிக்குக் காலையில நானே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஊசி போட்டு, களிம்பு தடவி, "நக்க விடாதீங்க"ன்னார் டாக்டர். என் பையனோட பழைய பனியனை மணிக்கு மாட்டிவிட்டேன்.

சாயங்காலம் ஓனர் வந்து கேட்டைத் தட்டினார். கேக்காம நாயைத் தொட்டதுக்கு இன்னிக்குச் சண்டைதான்னு தயாரா நின்னேன்.

அவர் குனிஞ்சு, என் பக்கத்துல நின்ன மணியோட பனியன் ஓரத்தைத் திருப்பி, தையலை இழுத்துப் பாத்தார்.

"ஏனுங்க, இது எந்தக் கம்பெனி சரக்குங்க? தையலே விட்டுப்போச்சுங்களே! நம்மூட்டு நாய்க்கு இதையா போடறது?"

விறுவிறுன்னு போய்ப் புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்தார். மாத்தறதுக்காகப் பழசைக் கழட்டினவர் அப்படியே தரையில உக்காந்துட்டார்.

"அட சாமி, இத்தனை புண்ணுங்களா? அடுத்த ஊசிக்கு நானே கூட்டிட்டுப் போறனுங்க."

இப்ப மணி போட்டிருக்கறது எக்ஸ்போர்ட் குவாலிட்டி. நான் போட்டிருக்கறது செகண்ட்ஸ் கடைப் பனியன்.

யாராவது என்னையும் எடுத்து வளக்கறீங்களா?