கூட்டாத வேகம்

செய்தி அக்காவின் குரலில்தான் வந்தது. வவுணதீவில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் இரண்டாம் பாடம் முடிந்திருந்தது. கைத்தொலைபேசியில் முதலில் கேட்டது அத்தானின் பட்டறை மெசின் சத்தம். பிறகு அவள்.

"மெசின் ஓடுது புள்ள. அத்தான் எழும்புறாரில்ல."

வாவியைக் கடந்து, பஸ் மாறி, எங்கள் ஊர் ஆரையம்பதிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மெசினை யாரோ நிறுத்தியிருந்தார்கள். தவராசா அத்தானை உள் விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். மாரடைப்பு என்றார்கள். எவ்வளவு நேரம் பட்டறையில் விழுந்து கிடந்தார் என்பது எவருக்கும் தெரியாது. பத்தடி தள்ளிக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் மாறுவதில்லை. மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் அந்த மெசினை அவர் தெரிந்தெடுத்தார்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகர் அந்தப் பட்டறையில் காத்து நின்றவர்கள். இந்த மனிதன் ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறான் என்று சலித்தவர்கள். அவர் உங்களுக்குக் காரணம் சொன்னதில்லை. அக்காவிடம் கேட்டுவிட்டு, அவள் சரி என்ற பிறகு, நான் சொல்கிறேன்.

அவர் கதிரவெளிக்காரர். அக்கா புவனாவைக் கல்யாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண் வந்து சேர்பவன். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். "நான் உடுத்த சாரத்தோட வந்தவன். கூரையில இருந்து கிணறு வரைக்கும் எல்லாம் புவனாட." கடற்கரையில் ஒரு கொட்டில் போட்டுப் படகு எஞ்சின் திருத்தினார்.

சுனாமியாகக் கடல் வந்த காலையில் கொட்டில் போனது. ஆறு வயது மகள் போனாள். வீடு நின்றது.

அக்காவால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. வாவிக்கரைப் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தான் பின்னேரங்களில் சைக்கிளில் போய் முற்றத்தில் இருந்துவிட்டு வருவார். வா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த மாரி மழை முடிந்த பிறகு ஒருநாள் அவளாகவே பையைத் தூக்கிக்கொண்டு வந்து சைக்கிளில் ஏறினாள். வீட்டு வாசல் கடப்பைத் திறக்கும்போது அவர் சொன்னாராம்: "தேங்காய் இல்ல. பொறுங்க, வாங்கிட்டு வாறன்."

வந்தாள் என்றாலும், இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு சத்தம் கேட்கும். எழுந்து நடந்துவிடுவாள். எந்தச் சத்தம் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. யுத்தத்தில் வாகரை, கதிரவெளிப் பக்கம் ஷெல் அடித்த நாட்களில் அவள் அசையாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வேறொரு நாள், நல்ல வெயிலில், ஊரே அமைதியாக இருக்கும்போது போய்விட்டாள். அத்தான் தேடிக் கூட்டி வருவார். ஒவ்வொரு முறையும், இனி வரமாட்டாளோ என்ற பயத்தோடுதான் போவார். அவர் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

அந்த ஷெல்லுக்குத் தப்பி அவருடைய ஆட்கள் கதிரவெளியில் இருந்து நடந்து வந்து முகாமில் கிடந்தார்கள். அவர்களையும் அவர்தான் பார்க்க வேண்டும். உதவியாகக் கிடைத்த புதுப் படகுகளில் தண்ணீர் தள்ளும் விசிறியின் தண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. வேலை இருந்தது. கடற்கரைக்குப் போக நேரக் கட்டுப்பாடும் இருந்தது. எனவே வீட்டுக்குப் பின்னால் பட்டறை. பட்டறைக்கு மேசையில் பூட்டும் ட்ரில் மெசின் ஒன்று.

மெசின் வாங்க அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்குத் துணையாக நான்.

மட்டக்களப்பு நகரத்தில் அந்தக் கடை. கடைக்காரர், ஒரு முஸ்லிம் காக்கா, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெசின் வாங்க வீட்டுக்காரியக் கூட்டி வந்த ஆள இப்பதான் பாக்கிறன். என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்த மாதிரி?"

"வீடு அவட, காக்கா. உள்ளுக்கு ஒண்ட கொண்டு வாறதெண்டா அவதான் கேட்டுச் சொல்லணும்."

"அப்ப நீங்க ஆரு?"

"நானும் கொண்டு வந்ததுதான்."

காக்கா சிரித்துச் சிரித்து இருமினார். அக்காவும் சிரித்தாள். நான் அதைக் கவனித்தேன். அந்த நாட்களில் அது பெரிய விஷயம்.

முதலில் பெல்ட் மாற்றி வேகம் மாற்றுகிற மெசின் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். படார் என்று தொடங்கியது. அக்காவைப் பயந்து பார்த்தேன். அவள் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது பரவால்ல" என்றாள். அத்தான்தான் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆகக் குறைந்த வேகமும் அவருடைய வேலைக்குக் கூடவாம். விசிறித் தண்டின் உருக்கை அவசரமாகக் குடைந்தால் அது சூடாகி இறுகிவிடும். துளைக்கும் பிட்டின் நுனி கருகும்.

அடுத்தது குமிழைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மெசின். அத்தானின் முகம் மலர்ந்தது. கீழ் வேகத்தில் தொடங்கலாம், மெதுவாக ஏற்றலாம். அவளுக்கு இதுதான் சரி என்று அவர் வீட்டிலேயே முடிவெடுத்திருந்தார். காக்கா பெருமையோடு குமிழைத் திருப்பினார். "பாருங்க, பட்டு மாதிரி ஏறுது." முனகல் மெல்ல உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது.

அக்கா கடையில் இல்லை.

வாவிக்கரைக் கட்டின்மேல் இருந்தாள். காலில் செருப்பு இல்லை. அத்தான் பக்கத்தில் போய் நின்றார். தொடவில்லை.

"என்ன புவனா?"

"அது வருது."

"எது?"

"தூரத்தில இருந்து வருது. வந்துகிட்டே இருக்குது."

அவர் என்னிடம் திரும்பிச் சொன்னதை நான் மறக்கவில்லை. "சத்தமில்ல புள்ள. சத்தம் ஏறி வாறதுதான். இவ்வளவு நாளும் பிழையா விளங்கியிரிக்கன்."

திரும்பிப் போய்க் காக்காவிடம் கேட்டார், குமிழைக் கீழ் வேகத்திலேயே விட்டுவிட்டால் அதிலேயே தொடங்கி அதிலேயே நிற்குமா என்று.

"நிக்கும். ஆனா கூட்டிக் குறைக்கத்தானே தம்பி இது? ஒரே ஸ்பீட்ல ஓட்டுறதுக்கு ஏன் இத வாங்கிறீங்க?"

"இவ்வளவு கீழ போறது இது மட்டும்தானே."

அக்கா கடைப்படிக்கு வெளியே நின்றாள். மெசினைக் கீழ் வேகத்தில் போட்டார்கள். அவள் தலையைச் சரித்துக் கேட்டாள். நாங்கள் எல்லோரும், காக்காவும்கூட, அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது நிக்கிது" என்றாள். "வரல்ல."

வாங்கினார்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். உருக்கு, அலுமினியம், பலகை, எல்லாம் ஒரே வேகம். பலகையில் ஒரு துளை போட ஒரு சுருட்டுக் குடிக்கலாம் என்று கேலி செய்தீர்கள். "மச்சான், மெசினுக்குச் சாப்பாடு குடுக்கிறயா இல்லையா?" "கொஞ்சம் கூட்டுகா, கடல் வத்தப் போகுது." அவருக்கு ஒரே பதில். "அவசரமெண்டா பல்லால கடிச்சு ஓட்ட போடு." எவரையும் குமிழுக்குக் கிட்ட விடமாட்டார். பொறுமை இழந்து வேறு பட்டறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அதை அவரும் அறிந்தே இருந்தார். அக்கா குசினியில் சமைத்தாள். சில நாள் பாட்டொன்றை முணுமுணுத்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்து போனது எனக்குத் தெரிய இரண்டு முறைதான்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்த நாளில் நான் அங்கே இருந்தேன். பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள். ஊரில் பல வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. அத்தானின் தம்பி ஒருவன் கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தான். மாதக்கணக்காகத் தகவல் இல்லை. அத்தான் பட்டறைக்குப் போய் மெசினைப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். மேசையில் இரும்பு எதுவும் இல்லை. பிட்டும் பூட்டவில்லை. கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"என்ன அத்தான் செய்றீங்க?"

"ஒண்டுமில்ல. ஏதாவது ஓடட்டும்."

அக்கா சோற்றுக்கோப்பையோடு வந்தாள். அவர் வாங்கவில்லை. அவள் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்தாள், மெசினுக்குப் பக்கத்தில், வெடிச்சத்தம் ஓயும் வரை. அவருக்குத் துணையாக அவள் இருந்ததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். தம்பியைப் பற்றிய தகவல் பிறகும் வரவில்லை.

சென்ற கிழமை மீனவர் சங்கத்தில் இருந்து குணம் அண்ணன் வந்தார், மெசினைச் சங்கத்துக்கு எடுக்க. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தங்கச்சி, ஒரிக்கா எல்லா ஸ்பீட்டும் ஓட்டிப் பாக்கணும். கோவிக்காதீங்க."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "வா, பெரியம்மா வீட்ட போயிட்டு வருவம்."

அவள் கையை உருவிக்கொண்டாள். "நில்லு."

குமிழ் இறுகிப்போயிருந்தது. துணி சுற்றித் திருப்பினார். சத்தம் ஏறியது. அக்கா கதவுநிலையைப் பிடித்திருந்தாள், விரல்கள் வெளுத்துப்போயின. கால்கள் அசையவில்லை. சத்தம் இன்னும் ஏறி, மெலிந்து, உச்சியில் ஒரு சீட்டியைப் போல நின்றது. குணம் அண்ணன் நிறுத்தினார்.

"புதுசு மாதிரி இரிக்கி" என்றார். "மேல் ஸ்பீட் எல்லாம் கை படவே இல்ல."

"இவ்வளவும் உள்ளுக்கு இருந்ததா?" என்றாள் அக்கா. குணம் அண்ணனிடம் கேட்கவில்லை. என்னிடமும் இல்லை. பிறகு, "கொண்டு போங்க."

வவுணதீவுக்கு என்னோடு வந்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன். "இது என்ட வீடு. நான் எங்க போற?" என்றாள். அந்த வீட்டில் தனியாக, இப்போது எந்தச் சத்தமும் இல்லாமல், இருக்கிறாள்.

அத்தானுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் வைத்திருப்பது குணம் அண்ணன் ஓட்டியபோது கேட்ட அந்த உச்சச் சத்தம் மட்டும்தான். அந்த வீட்டில் அவர் அதை ஒருநாளும் கேட்கவில்லை.