மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடும் தறி

ஜலகண்டாபுரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. பொறுப்பேற்றதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மௌன வாசிப்பு கொண்டுவந்தேன். ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் படிக்க வேண்டும். அந்த அமைதியில் வராந்தாவில் நடக்க எனக்கு அவ்வளவு பெருமை.

ஒரு நாள் நான்காம் வகுப்பு கவின்மதியைக் காணவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தால், தண்ணீரில் வானம் மட்டும் அசையாமல் கிடந்தது.

பள்ளிக்குத் திரும்பியபோது, சத்துணவுக் கூடத்தின் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கே மதிலுக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். மதிலில் முதுகைச் சாய்த்து, தறியின் சத்தத்துக்கு மெல்ல ஆடியபடி, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மடியில் வேப்பம்பூ உதிர்ந்திருந்தது.

"ஏஞ்சாமி, இங்க வந்து உக்காந்துட்ட?"

"உள்ள கம்முனு இருக்குதுங்க டீச்சர். எங்கூட்டுல தறி நின்னு போனாத்தானுங்க இப்படி இருக்கும். அன்னிக்கு யாருமே சரியாச் சோறு திங்க மாட்டாங்க."

அவள் பக்கத்தில் நானும் சாய்ந்து உட்கார்ந்தேன். மதிலின் அதிர்வு முதுகில் இறங்கியது. அரைத் தூக்கத்தில் யாரோ தட்டிக்கொடுப்பது போல இருந்தது.

இப்போது ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. எதை மாற்றுவதென்றாலும் முதலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். அவரவருக்குப் பிடித்த இடத்தில், பிடித்த குரலில் படிக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் தறி நின்றுபோகும் நாளில், நானே சத்தமாகக் கதை படிக்கிறேன்.